கை தூக்கிய அறுபது பேர்

சுவா, ஃபிஜி
14 அக்டோபர் 1991

அன்புள்ள நோலீன்,

உறையின் மேலுள்ள என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போடலாமா என்று யோசித்திருப்பீர்கள். போடவில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இங்கே வந்து ஏழு வாரமாகிறது. துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. தினமும் மூன்று மணிக்கு மழை பிடிக்கும். கூரைச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. மின்டரா மில்லிலிருந்து அனுப்பிய பன்னிரண்டு கழுத்து இணைப்பு மெஷின்களும் சேதமில்லாமல் வந்துவிட்டன. 'நம் மில்' என்று முதலில் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அடித்தது தெரிகிறதா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இருபத்து நான்கு பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறோம். தையல் நன்றாகத் தெரிந்தவர்கள். ஆனால் கழுத்து இணைப்பு என்பது தையல் இல்லையே. வட்டத்தட்டின் ஒவ்வொரு ஊசிமுனையிலும் கழுத்துப்பட்டிப் பின்னலின் கண்ணிகளை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். ஒரு கண்ணி தவறினாலும் முதல் துவையலிலேயே ஸ்வெட்டரின் கழுத்து பிரிந்துகொண்டு போகும். சொல்லிக்கொடுக்க மெல்பர்னிலிருந்து ஒரு ஆள் வந்தான். படம் போட்டு விளக்கினான். அவன் கையால் ஒரு கழுத்துகூட இணைத்ததில்லை என்பது அந்தப் பெண்களுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. இரண்டாம் வாரம் ஊருக்குத் திரும்பிவிட்டான்.

நீங்கள் ஆறு வாரம் வர முடியுமா? விமானச் செலவு, தங்குமிடம், மின்டராவில் வாங்கிய அதே சம்பளம். இருபத்தாறு வருடம் அந்த மெஷின் முன் உட்கார்ந்தவர் நீங்கள். அதுமட்டுமல்ல, இந்த மெஷின்களைத் தேர்ந்தெடுத்ததே நாம் இருவரும்தான். எண்பத்தேழில் அரசாங்கம் எட்டு மேலாளர்களையும் எட்டு தொழிற்சங்கக்காரர்களையும் ஒரே விமானத்தில் ஏற்றி இத்தாலிக்கு அனுப்பியது. கார்ப்பியில் அந்தச் சின்னப் பட்டறையில் இவை ஓடுவதைப் பார்த்துவிட்டு, "கிரேம், இது நம்மகிட்ட இருந்தா யார் வந்தாலும் நாம தோக்க மாட்டோம்" என்று சொன்னது நீங்கள்தான்.

இதைக் கேட்க எனக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன். வேறு யாருக்கும் இந்த வேலை இவ்வளவு தெரியாது.

வீட்டுக்காரர் லெஸ்ஸை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

கிரேம் ஆஷ்வர்த்


மின்டரா, விக்டோரியா, ஆஸ்திரேலியா
2 நவம்பர் 1991

மதிப்புக்குரிய திரு. ஆஷ்வர்த்,

உங்கள் கடிதம் கிடைத்தது. என் பதில்: முடியாது.

இத்துடன் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்த முடியவில்லை. வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

மெஷின்களைப் பெட்டியில் அடைத்த அன்று நான் அங்கே இருந்தேன். உங்களுக்குத் தெரியாது, நீங்கள் அலுவலகத்தில் இருந்தீர்கள். எண்ணெய்த் தாள் சுற்றி, மரத்தூள் போட்டு, அவ்வளவு பக்குவமாக அடைத்தார்கள். எங்கள் தொண்ணூற்று நான்கு பேரையும் பத்து நிமிடத்தில் அனுப்பினார்கள். கான்டீனில் ஒரு கேக் வைத்திருந்தார்கள். அதை யார் வாங்கியது?

இப்போது அரசாங்கம் எங்களுக்குப் பயிற்சி தருகிறது. செவ்வாயும் வியாழனும். வேலைக்கு எப்படி மனு எழுதுவது என்று. சொல்லித்தருகிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், நல்ல பெண்தான். "உங்க பலம் என்னன்னு மூணு வார்த்தையில எழுதுங்க" என்றாள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஷெர்லி, "கழுத்து, கழுத்து, கழுத்து" என்று எழுதினாள். எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு, அதை அடித்துவிட்டு வேறு எழுதச் சொன்னாள்.

லெஸ் வேலியை இரண்டு முறை வெள்ளையடித்துவிட்டார். இப்போது சுரண்டிக்கொண்டிருக்கிறார். மூன்றாம் முறை அடிப்பதற்காக. சாயப் பட்டறையில் பத்தொன்பது வருடம் வேலை செய்தவருக்கு வெள்ளை மட்டும்தான் மிச்சம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எண்பத்தொன்பது ஜூனில் கான்டீன் மேசை மேல் ஏறி நின்றேன். புது மெஷின் வர வேண்டுமென்றால் அறுபது பேர் தாங்களாகவே விலக வேண்டும், அரசாங்கம் பாதி, கம்பெனி பாதி போடும், எஞ்சியவர்களின் வேலை நிலைக்கும், இதுதான் ஒப்பந்தம் என்று சொன்னேன். அறுபது பேர் கை தூக்கினார்கள். பெரில் முதலில் தூக்கினாள். அந்த ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது, என் கையெழுத்தும் இருக்கிறது.

அன்றைக்கே உங்களுக்கு ஃபிஜி பற்றித் தெரியுமா?

சூப்பர் மார்க்கெட்டில் அந்த அறுபது பேரில் யாரையாவது பார்த்தால் நான் அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறேன். எனக்கு வேண்டாத சாமானெல்லாம் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

நோலீன் டட்லி


சுவா
20 நவம்பர் 1991

அன்புள்ள நோலீன்,

பதினொரு வருடமாக என்னைக் கிரேம் என்று கூப்பிட்டீர்கள். 'திரு' என்று போட்டிருப்பதை இரண்டு முறை படித்தேன். கேக்கை நான்தான் வாங்கினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கோபம் முழுவதும் என் பக்கமே திரும்புவது நியாயமா? முத்தரப்புக் குழு என்று பெயர் வைத்து அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூவரையும் ஒரே மேசைக்குக் கூப்பிட்டது தலைநகர் கான்பெரா. ஏழு வருடத்தில் இறக்குமதி வரியைப் படிப்படியாகக் குறைப்போம், அதற்குள் நீங்கள் போட்டிக்குத் தயாராகுங்கள் என்றார்கள். நம்பினோம். தயாரும் ஆனோம். ஒன்பது வாரமாக இருந்த சரக்கு அனுப்பும் காலம் மூன்று வாரமாகக் குறைந்தது. கழிவுப் பீஸ் நூற்றுக்குப் பதினொன்றாக இருந்தது, இரண்டாயிற்று. இதை யார் செய்தார்கள்? நீங்களும் நானும் உங்கள் பெண்களும். திங்கட்கிழமைதோறும் என் அறையில் உட்கார்ந்து நீங்கள் என்னைக் கிழித்தெடுப்பீர்களே, அதில் பாதி சரியாகவே இருந்தது. அந்த இரண்டு வருடத்தைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒழுங்கான வேலை அதுதான்.

பிறகு இந்த மார்ச்சில், வரியை இன்னும் வேகமாகக் குறைக்கப் போகிறோம் என்று அறிவித்தார்கள். ஏழு வருடம் என்று சொல்லி மேசைக்கு அழைத்தவர்கள் மூன்றாம் வருடமே மேசையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மெல்பர்னில் முதலாளிகள் கணக்குப் பார்த்தார்கள். இங்கே தைத்தால் ஆஸ்திரேலியாவுக்குள் வரியே இல்லாமல் போகும். ஃபிஜி அரசாங்கம் பதிமூன்று வருடத்துக்கு வரிவிலக்கு தருகிறது. வேறு என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?

என் மனைவி ஜூடித் வரவில்லை. மெல்பர்னிலேயே இருக்கிறாள். சமைக்கப் பொறுமையில்லாமல் டப்பா மீனும் மரவள்ளிக்கிழங்குமாகச் சாப்பிடுகிறேன். பெண்கள் காலையில் வேலை தொடங்கும் முன் ஒரு பாட்டுப் பாடுகிறார்கள், தேவாலயப் பாட்டு. நான் என் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கிறேன். அதற்குப் பிறகு எட்டு மணி நேரம் கழுத்துகள் பிரிந்துகொண்டே இருக்கின்றன.

இன்னும் ஒருமுறை யோசியுங்கள். அந்தப் பெண்கள் உங்களுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை.

கிரேம்


மின்டரா
9 டிசம்பர் 1991

திரு. ஆஷ்வர்த்,

நான் கேட்டது ஒரு கேள்வி. ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். அதில் பதில் இல்லை. பதில் இல்லாததைக் கவனித்தேன் என்று சொல்லிவைக்கிறேன்.

வருகிறேன். ஜனவரி இரண்டாம் வாரம்.

லெஸ் வேலியை விட்டுவிட்டார். இப்போது படுக்கையிலேயே இருக்கிறார். நேற்று, "நீ போய்ட்டு வா, யாராவது ஒருத்தர் இந்த வீட்லேர்ந்து காலைல எழுந்து போகட்டும்" என்றார். அதற்காக வருகிறேன். உங்களுக்காக அல்ல.

ஒவ்வொரு மெஷினுக்கும் முதுகு சாயும் நாற்காலி வேண்டும். மெஷின்களை ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள், கண்ணி தெரிய வேண்டும். மாதம் முடிந்ததும் கண் பரிசோதனை. உங்கள் வீட்டில் சாப்பிட மாட்டேன்.

நோ. டட்லி


சுவா
6 ஏப்ரல் 1992

அன்புள்ள நோலீன்,

நீங்கள் விமானம் ஏறி ஐந்து வாரம் ஆகிறது. முதலில் நல்ல செய்தி. சென்ற வாரம் போன சரக்கில் ஒரு கழுத்துகூடத் திரும்பி வரவில்லை. லொசலினி ஒரு மணி நேரத்தில் முப்பத்தெட்டு முடிக்கிறாள். மின்டராவில் உங்களைத் தவிர யாரும் அதைத் தாண்டியதில்லை. உங்கள் மாதிரியே தட்டைச் சுற்றும்போது நாக்கைப் பல்லில் கடித்துக்கொள்கிறாள். மற்றவர்களுக்கும் அது தொற்றிவிட்டது. இருபத்து நான்கு பேரும் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இனி மற்றது.

போன செவ்வாய் காலை டீ நேரம் முடிந்து மணி அடித்தது. ஒரு மெஷினும் ஓடவில்லை. அந்த அமைதி எனக்குப் பழகியதல்ல, அறையிலிருந்து வெளியே வந்தேன். லொசலினி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். மற்றவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"மிஸ்டர் கிரேம், உக்காருங்க. நின்னா உங்களுக்குக் கால் வலிக்கும், கொஞ்சம் நேரமாகும்" என்றாள்.

உட்கார்ந்தேன். பின்கதவை வேலை நேரத்தில் பூட்டக் கூடாது என்றாள். சரக்கு வெளியே போகாமலிருக்கப் பூட்டச் சொல்லி மெல்பர்ன் உத்தரவு, உங்களுக்கும் தெரியும்.

"நூலு, பஞ்சுத்தூசி, ஒயரு, எல்லாம் இங்கதான் இருக்கு. தீப்பிடிச்சா நாங்க எந்தப் பக்கம் ஓடறது? உங்க ரூமுக்குள்ள ஜன்னல் இருக்கு. எங்களுக்கு?"

இனிமேல் தங்களுக்காக ஒருத்தி பேசுவாள் என்றும், அது தான்தான் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

மறுநாள் அரசாங்கத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கெட்டவர் இல்லை. டீ குடித்தார். "கிரேம், கம்பெனியும் அரசாங்கமும் கைகோத்து நின்னாதான் இந்தச் சின்ன நாடு வெளிய போய்ப் போட்டி போட முடியும். இந்த மாதிரி விஷயம் ஒரு கொட்டகையில ஆரம்பிச்சா இன்னொண்ணுக்குப் போகும்" என்றார். எண்பத்தெட்டில் ரோட்டரி கிளப்பில் நான் பேசியதும் ஏறக்குறைய இதே வார்த்தைகள்தான்.

மெல்பர்னிலிருந்து ஃபேக்ஸ் வந்திருக்கிறது. இரண்டே வரி. கதவைத் திறந்துவை. அந்தப் பெண்ணை அனுப்பிவிடு.

உங்களால் ஒரு உதவி ஆகும். இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான் என்று மெல்பர்ன் நம்பினால், பழைய தொழிற்சங்கக்காரி ஒருத்தி வந்து தூண்டிவிட்டுப் போனாள் என்று கதை முடிந்துவிடும். அவளை விட்டுவிடுவார்கள். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவீர்களா? அதோடு, உண்மையில் அவளிடம் என்ன சொன்னீர்கள் என்பதையும் எனக்குத் தெரிவியுங்கள்.

கிரேம்


மின்டரா
17 ஏப்ரல் 1992

கிரேம்,

தாள் உள்ளே இருக்கிறது. 'நான்தான் தூண்டினேன், அந்தப் பெண்களுக்கு இதில் பங்கில்லை' என்று எழுதியிருக்கிறேன். தேவைப்பட்டால் இன்னும் மோசமாக எழுதித் தருகிறேன். எனக்கு இனி இந்தத் தொழிலில் யாரும் வேலை தரப் போவதில்லை, கெடுவதற்கு ஒன்றுமில்லை.

உண்மையில் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் நான் இல்லை. காலையில் வந்தேன், கண்ணி ஏற்றக் காட்டினேன், சாயங்காலம் விடுதிக்குப் போய் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஆறு வாரமும் அப்படித்தான். மழை பெய்தது என்பதுகூட நீங்கள் எழுதித்தான் ஞாபகம் வருகிறது.

ஒரே ஒரு நாள். மதியச் சாப்பாட்டு நேரம். லொசலினி தன் கிழங்கில் பாதியைப் பிட்டு எனக்குக் கொடுத்தாள். பக்கத்தில் சுமின்த்ரா இருந்தாள், ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு சுருட்டிக் கொண்டுவருவாளே, அவள். லொசலினி கேட்டாள்:

"உங்க மில்லுல ஏதாவதுன்னா யாரு பேசுவாங்க?"

"நான்தான்."

"நீங்க பேசினா கேப்பாங்களா?"

"கேப்பாங்க. ரொம்ப மரியாதையா கேப்பாங்க. டீ குடுத்தாங்க. பிஸ்கட் குடுத்தாங்க. இத்தாலி வரைக்கும் கூட்டிட்டுப் போனாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, இங்க வந்து உனக்குச் சொல்லிக்குடுத்துட்டு இருக்கேன்."

அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்து, பாவாடை நுனியால் துடைத்துக்கொள்ளும்வரை சிரித்தாள். சுமின்த்ராவுக்கு அதை இந்தியில் சொன்னாள், அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் கோபமும் வரவில்லை. பிறகு லொசலினி, "எங்ககிட்டயும் டீ குடுப்பாங்களா?" என்று கேட்டாள். "குடுப்பாங்க. குடி. ஆனா கதவைத் தெறக்கறவரைக்கும் கப்பைக் கீழ வைக்காத" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். யோசித்துப் பார்த்தால், தாளில் எழுதியது முழுப் பொய்யில்லை.

அவளை வைத்துக்கொள்ளுங்கள் கிரேம். இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நோலீன்


சுவா
9 மே 1992

அன்புள்ள நோலீன்,

உங்கள் தாள் வந்தபோது அவள் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. உங்களுக்குக் கடிதம் போட்ட அதே வாரம் வெள்ளிக்கிழமை அவளை அனுப்பிவிட்டேன். மெல்பர்ன் மறுபடி ஃபேக்ஸ் அனுப்பியது, நான் காத்திருக்கவில்லை. காத்திருந்திருக்கலாம். ஒரு வாரம், இரண்டு வாரம் ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவள் அழவில்லை. கத்தரிக்கோலைத் துடைத்து மெஷின் மேல் வைத்தாள். "நோலீனுக்கு எழுதினா சொல்லுங்க, கதவு தெறந்திருக்குன்னு" என்றாள். திறந்துதான் இருக்கிறது. இப்போது சுமின்த்ரா பேசுகிறாள். அவளைப் பற்றி நான் மெல்பர்னுக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் எவ்வளவு நாள் இருப்பேன் என்று தெரியவில்லை.

லொசலினிக்கு மற்ற தொழிற்சாலைகளில் இடமில்லை. கொட்டகைக்குக் கொட்டகை பெயர் போய்விட்டது. ஹோட்டலில் துணி துவைக்கிற இடத்தில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள்.

அன்றைக்கே ஃபிஜி பற்றித் தெரியுமா என்று நவம்பரில் கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சொல்வதால் எனக்கு இனி எதுவும் ஆகாது, சொல்லாமலிருப்பதாலும் எதுவும் ஆகாது.

தெரியும்.

எண்பத்தொன்பது ஏப்ரலில், நீங்கள் மேசை மேல் ஏறுவதற்கு இரண்டு மாதம் முன்பு, முதலாளிகள் என்னைச் சுவாவுக்கு அனுப்பினார்கள். இந்தக் கொட்டகையை நாடாவால் அளந்தது நான். புது மெஷின்களை இங்கே கொண்டுவந்தால் எத்தனை வரிசை வைக்கலாம் என்று வரைபடம் போட்டதும் நான். அரசாங்கத்தின் திட்டம் எடுபட்டால் மின்டரா, எடுபடாவிட்டால் ஃபிஜி, மெஷின் எப்படியும் வேண்டும், பாதிச் செலவு அரசாங்கத்துடையது என்றார்கள். திட்டம் எடுபடும் என்று நான் நம்பினேன். அதுவும் உண்மை. இரண்டையும் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ள முடிந்தது. அந்த வாரம் வெயிலில் மூக்குத் தோல் உரிந்து வந்தேன், எல்லோரும் கேலி செய்தீர்கள். க்வீன்ஸ்லாந்துக்குப் போய்வந்ததாகச் சொன்னேன்.

அறுபது பேர் கை தூக்கியபோது நான் கான்டீன் கதவருகே நின்றிருந்தேன். நீங்கள் மேசையிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்தீர்கள்.

இந்தக் கடிதத்தை நீங்கள் யாரிடமும் காட்டலாம்.

கிரேம்


மின்டரா
14 ஜூன் 1992

கிரேம்,

காட்டினேன்.

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் வீட்டில் கிடந்தது. லெஸ் படித்தார். "சரி" என்றார். அவருக்குத் திராட்சைத் தோட்டத்தில் கொடி கழிக்கும் வேலை கிடைத்திருக்கிறது, குளிர்காலம் முடிய, ஆகஸ்ட் வரை. காலை ஆறரைக்கு எழுந்து போகிறார். வீட்டில் சத்தம் இருக்கிறது.

அந்த அறுபது பேரின் வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போய் இதைப் படித்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன். நான் ஏமாற்றவில்லை, என்னையும் ஏமாற்றினார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். நேற்றுக் காலை பெரில் வீட்டிலிருந்து ஆரம்பித்தேன், முதலில் கை தூக்கியவள் அவள் என்பதால். மூன்று வருடத்தில் அவள் வீட்டுப்படி ஏறியதில்லை. கதவைத் திறந்தாள். "உள்ள வா, குளுருது" என்றாள். சமையலறையில் உட்கார்ந்து மூன்று பக்கத்தையும் படிக்கத் தொடங்கினேன். மூக்குத் தோல் வரை வந்ததும் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"க்வீன்ஸ்லாந்தா? அந்த டிக்கெட்டைப் போட்டுக் குடுத்ததே என் மருமகதான். கடைத்தெருவுல அந்த டிராவல் ஆபீஸ்லதானே அவ வேலை பார்த்தா. சுவாவுக்குப் போக ஒண்ணு, வர ஒண்ணு. சாயங்காலமே வந்து சொல்லிட்டா."

எனக்கு உடனே புரியவில்லை. "எப்போ சொன்னா?" என்று கேட்டேன்.

"ஏப்ரல்லதான். நீ கான்டீன்ல பேசறதுக்கு முன்னாடி."

"வேற யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும். உன்னைத் தவிர. ஏன் நோலீன், மில்லுல ஒரு ரகசியம் டீ நேரத்தைத் தாண்டி நின்னிருக்கா?"

நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் பூப்போட்ட விரிப்பு. அப்படியென்றால் ஏன் கை தூக்கினீர்கள் என்று கேட்டேன்.

"கணக்குப் போட்டோம்டி. மில்லு எப்படியும் போகப் போகுது. நாங்க கொஞ்சம் வயசானவங்க. நாங்க இப்பவே வெலகினா மெஷின் வரும், மெஷின் வந்தா சின்னவங்களுக்கு ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ ஓடும். ஓடுச்சா இல்லையா? உன்கிட்ட சொல்லியிருந்தா நீ அந்த மேசை மேல ஏறியிருக்கவே மாட்ட. கிரேம் கழுத்தைப் புடிச்சிருப்ப. எல்லாம் அன்னைக்கே கெட்டுப் போயிருக்கும்."

பிறகு தண்ணீர் கொதிக்க வைக்கப் போனாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள்:

"அதோட, நீ அந்த ஊரைப் பத்திச் சொன்னியே, கார்ப்பியோ என்னமோ. ஒரு தெருவுல நாப்பது பட்டறை, எல்லாரும் சேந்து நூல் வாங்குவாங்க, தகராறு வந்தா மேயரே வந்து நடுவுல உக்காருவாருன்னு. முப்பது வருஷமா அந்த மில்லுல எங்களைக் கூப்பிட்டு வெச்சு யாரும் அப்படிப் பேசினதில்ல. பாதி பொய்யின்னு தெரிஞ்சும், கேக்க நல்லா இருந்துச்சு."

டீ கொடுத்தாள். குடித்தேன். சூப்பர் மார்க்கெட்டில் ஏன் ஓடி ஓடி ஒளிகிறேன் என்று கேட்டாள். மிச்சம் ஐம்பத்தொன்பது வீட்டுக்கும் போகவில்லை.

லொசலினி எவ்வளவு நன்றாக வேலை செய்வாள் என்று இரண்டு பக்கம் எழுதி, ஹோட்டல் முகவரிக்கே அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். யாரும் கேட்கப் போவதில்லை. இருந்தாலும் அவள் கையில் இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தைப் பெரில் வீட்டு மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். பாதி வழியில் ஞாபகம் வந்தது. திரும்பிப் போகவில்லை.

நோலீன்